செம்புப் பட்டையில் காய்ந்த சந்தனம்

கார்குழலிக்கு எந்த வேலையும் சீக்கிரம் பிடிபடும். பிடிபடாதது ஒன்றுதான்: வேலை நிரந்தரமாவது எப்படி என்பது. எண்ணூர்ப் பக்கம் வண்டி உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் ஒயர் கட்டும் பிரிவில் பல வருடம் நின்றாள். ஒப்பந்த ஆட்களைச் சில மாதத்துக்கு ஒருமுறை வெளியே அனுப்பி, ஒரு வாரம் கழித்துப் புது ஆளைப் போலச் சேர்த்துக்கொள்வது அங்கே வழக்கம். தொடர்ச்சியாக வேலை பார்த்ததாக நாளை ஒருத்தி வழக்குப் போட்டுவிடக் கூடாதல்லவா? சட்டம் படித்தவர்கள் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்த ஏற்பாடு அது. ஒருமுறை வெளியே அனுப்பினார்கள். பிறகு கூப்பிடவே இல்லை.

அதற்குப் பிறகுதான் ராயபுரத்தில் சுயம்பு அண்ணாச்சியின் பொம்மைக் கிடங்குக்கு வந்தாள். தெற்கத்திக்காரரான அவர் பொம்மைகளை மொத்தமாக இறக்கி ஊரெல்லாம் அனுப்புகிறவர். பெட்டி பிரிக்கும்போதே ஓடாத பொம்மைகளைச் சரிசெய்வது அவள் வேலை. அங்கேதான் அந்தச் சின்னக் கார்களைப் பார்த்தாள்.

உள்ளங்கையில் அடங்கும் கார். மேசை மேல் விரித்த கறுப்புப் பாதையில் நீளமாக ஒரு பள்ளம் ஓடும். காரின் மூக்குக்கடியில் நீட்டிக்கொண்டிருக்கும் நாக்கு அந்தப் பள்ளத்தில் இறங்கியிருக்கும். நாக்கின் இரண்டு பக்கமும் பின்னல் போட்ட செம்புப் பட்டை. பள்ளத்தின் இருபுறமும் பதித்த தகடுகளில் அது உரசிக்கொண்டே போனால்தான் மோட்டாருக்கு மின்சாரம். கையிலிருக்கும் விசையை அழுத்தினால் கார் பாயும். வளைவில் அளவுக்கு மேல் அழுத்தினால் பறந்து விழும்.

தென்சென்னையில் புதிதாக எழும்பிய ஒரு பெரிய மாலில் இந்தக் கார்களை வைத்து விளையாட்டுக்கூடம் திறக்கப்போவதாகச் சேதி வந்தது. பாதையும் கார்களும் அண்ணாச்சியிடம்தான் வாங்கினார்கள். கார்களைப் பராமரிக்க ஒரே ஓர் ஆள், நிரந்தர வேலை, பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டு. வேண்டுபவர்கள் கடையில் விற்கும் சாதாரணக் காரைத் தாங்களே சீர்செய்து திறப்புவிழா அன்று ஓட்டிக் காட்ட வேண்டும், ஜெயித்தவருக்கு வேலை. அடியில் இருக்கும் காந்தத்தைக் கழற்றிவிட வேண்டும் என்பது நிபந்தனை. காரைப் பாதையோடு இழுத்துப் பிடிப்பதே அந்தக் காந்தம்தான்.

"எங்கிட்ட ஒரு புள்ள இருக்கா, பாருங்க" என்று அண்ணாச்சியே அவள் பெயரைக் கொடுத்தார். அவர் கெட்ட மனிதரில்லை. இந்தக் கதையின் துயரமே அதுதான்.

கார்குழலி அடிச்சட்டத்தில் கைவைத்தாள். பின்சக்கரங்களை உப்புத்தாளின் மேல் சுழலவிட்டு ரப்பரை ஒரே மட்டமாக்கினாள். மோட்டார் இருக்கையில் ஆடாதபடி பசை வைத்தாள். முன்சக்கரங்களை மயிரிழை தூக்கி, நாக்கு பள்ளத்தில் முழுசாக இறங்கும்படி செய்தாள். காசிமேட்டில் வலைக்குக் கட்டும் ஈயக்குண்டு ஒன்றை வாங்கிவந்து, தகடாகத் தட்டி, நாக்குக்குப் பின்னால் ஒட்டினாள். கடைசியாக, மேல்கூட்டைப் பிடித்திருந்த திருகுகளைத் தளர்த்திவிட்டாள்.

கிடங்கின் லாரி ஓட்டுநர் வெள்ளத்துரை காரைத் தூக்கி ஆட்டிப் பார்த்தான். கடகடவென்றது.

"என்ன குழலி, காயலான் கடைக்குப் போற வண்டி மாதிரில்லா ஆடுது!"

"மேல போட்ட சொக்கா லூசா இருந்தாதான்ணா கீய காலு தரையில நிக்கும். டைட்டா முடுக்கினா வளைவுல மேல ஆடறது கீயயும் இட்டுகினு வுய்ந்துரும்."

"அப்ப நம்ம அண்ணாச்சி லாரியெல்லாம் ரேஸு வண்டிதாம் போ!"

கார் பாதையை நக்கிக்கொண்டு ஓடியது. வெள்ளத்துரை அதற்கப்புறம் கேலி செய்யவில்லை.

திறப்புவிழா விஜயதசமி காலை. அதற்கு முதல் நாள் ஆயுத பூஜை.

கிடங்கில் தராசு, டேப் ஒட்டும் கருவி, கம்ப்யூட்டர், லாரி, பெருக்குமாறு எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். கார்குழலியின் திருப்புளிப் பெட்டியும் வரிசையில் இருந்தது. வியாசர்பாடியில் அவள் வீட்டில் இந்த வழக்கமெல்லாம் இல்லை, அவர்கள் பௌத்தர்கள். ஆனால் கூலி வாங்கும் இடத்தில் கைகூப்பி நிற்க யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அண்ணாச்சி சின்னக் காரை எடுத்தார். கூரையில் ஒரு பொட்டு, முகப்பில் ஒரு பொட்டு. பிறகு குப்புறத் திருப்பினார். "அடிதானம்மா ஓடுது, அதுக்கு வைக்காண்டாமா?" என்று சொல்லி, கரைத்த சந்தனத்தைச் செம்புப் பட்டையில் தாராளமாக அப்பி, மேலே குங்குமம் வைத்தார்.

"அண்ணாச்சி, அதுல கரண்டு பாயணும்" என்றாள்.

"சாமிக்கு மேலயா உன் கரண்டு?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

ஐரோப்பாவில் ஒரு காலத்தில் இடியை விரட்டுகிறோமென்று மழைநேரத்தில் தேவாலயக் கோபுரத்தில் ஏறி மணியடித்தார்கள். மணிக்கயிற்றைப் பிடித்திருந்தவர்கள் கருகி விழுந்தார்கள். அடிக்கச் சொன்னவர்கள் கீழே பத்திரமாக இருந்தார்கள். பக்தி எந்த ஊருடையதானாலும் மின்சாரம் அதனிடம் ஒரே மாதிரிதான் நடந்துகொள்கிறது.

அப்போதே துடைத்திருந்தால் ஈரத்துணி போதும். ஆனால் பூஜையில் வைத்த கருவியை மறுநாள் காலை மறுபூஜை முடியும்வரை தொடக் கூடாது. கிடங்கைப் பூட்டிச் சாவியை அண்ணாச்சி மடியில் செருகிக்கொண்டார்.

காலையில் அவரே தன் காரில் அவளை அழைத்துப்போனார். அவள் மடியில் தட்டு, தட்டில் பூ, பூவின் நடுவில் அந்தக் கார். சந்தனம் பின்னலுக்குள் இறங்கிச் சுண்ணாம்பு போல இறுகியிருந்தது. நகத்தால் சுரண்டினாள்.

"பொட்ட அழிக்காத புள்ள. நல்ல காரியத்துக்குப் போறோம்லா."

கையை எடுத்துவிட்டாள்.

கூடத்தில் இறங்கியதும் ஒரு நிமிடம் கிடைத்தது. அண்ணாச்சி யாரிடமோ பேசிக்கொண்டிருந்தபோது துப்பட்டா நுனியை எச்சிலில் நனைத்துத் தேய்த்தாள். ஒரு பக்கம் செம்பு தெரிந்தது. மறுபக்கம் பாதி தேய்ப்பதற்குள் காரைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். போட்டி முடியும்வரை இனி யாரும் வண்டியைத் தொடக் கூடாது என்றார்கள்.

மூன்று கார்கள் புறப்பட்டன. முதல் சுற்றில் அவள் கார் மற்ற இரண்டையும் விட்டு வெகுதூரம் போய்விட்டது. பெரிய வளைவில் மற்றவை வாலை வீசித் தடுமாறின. ஒன்று பறந்தே போனது; கூடத்து ஆள் எடுத்து மறுபடி பள்ளத்தில் வைத்தார். அவளுடையது கடகடத்துக்கொண்டே ஒட்டித் திரும்பியது. கூட்டத்தில் யாரோ விசிலடித்தார்கள். அண்ணாச்சி அவள் தோளைத் தட்டினார்.

நேர்ப்பாதையில் கார் விக்கியது. விசையை விட்டு அழுத்தினாள். இரண்டு முழம் ஓடி மறுபடி விக்கியது. பின்னலுக்குள்ளிருந்த சந்தனம் உதிர்ந்து தகட்டில் மஞ்சளாக ஒரு கோடு இழுபட்டிருந்தது. பிறகு நின்றுவிட்டது. நின்ற கார் நின்றதுதான். விசையை அழுத்தியபடியே அவள் நின்றாள். மற்ற இரண்டும் அதைத் தாண்டித் தாண்டிப் போயின.

"கடவுள் குடுத்து வைக்கல, என்ன செய்ய" என்றார் அண்ணாச்சி. அவர் கண்ணில் உண்மையிலேயே நீர் இருந்தது.

கூடத்தின் மேலாளர் நல்லவிதமாகவே பேசினார். பாதையைத் துடைக்க, விழுந்த கார்களை எடுத்து வைக்க ஓர் ஆள் தேவைப்படுகிறதாம். ஏஜென்சி வழியாகத்தான், ஒப்பந்தத்தில். அவள் வாயைத் திறக்குமுன் அண்ணாச்சி, "வந்திருவா சார்" என்றார். கிடங்கில் அவள் பார்த்துவந்த வேலைக்குத் தன் ஊர்ப் பையன் ஒருவனை அவர் ஏற்கெனவே வரச் சொல்லியிருந்தது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவள் ஜெயித்துவிடுவாள் என்று அவ்வளவு நம்பியிருந்தார்.

வீட்டில் அவள் கணவன் வேம்பு காத்திருந்தான். துறைமுக யார்டில் கன்டெய்னர் கட்டும் தினக்கூலி அவன்.

"இன்னா குயலு, பர்மனன்டா?"

நடந்ததைச் சொன்னாள்.

"அந்தாளு பூசும்போதே கையப் புடிக்கிறதுதானே?"

"பேரு குட்த்தவரு அவுரு. அவுரு கையவே எப்டிப் புடிக்கிறது?"

"நம்ம வூட்டுல பொட்டு கெடையாது, பூசை கெடையாது. அங்க போயி கும்புட்டுகினு நின்ன."

"நீ யார்டுல மேஸ்திரி ஏத்துன கற்பூரத்த அணைச்சியா?"

வேம்பு எழுந்துபோய் அவளுக்குச் சோறு போட்டு வந்தான்.

எதிர்த்துப் பேசியிருந்தால் போட்டிக்கே போயிருக்க முடியாது. பேசாததால் போட்டியில் நின்றுபோனாள். இரண்டுக்கும் நடுவில் அவளுக்கென்று மூன்றாவது வழியொன்றை யாரும் விட்டுவைக்கவில்லை. விதி என்று சொல்லிப் போகிறவர்கள் போகட்டும். இதற்குக் கைகள் உண்டு, முகங்கள் உண்டு, அவற்றில் சில அன்பான முகங்கள்.

திங்கட்கிழமை காலை அவள் ஏஜென்சி கொடுத்த டி-சர்ட்டைப் போட்டுக்கொண்டு நின்றாள். தோள் முழங்கைவரை தொங்கியது.

"இன்னா இது, எனுக்குத் தெச்சதா?" என்று வேம்பு இழுத்துப் பார்த்தான். "ஓரத்தப் புடிச்சி தெச்சிக்கோயேன்."

"எதுக்கு?" என்றாள் கார்குழலி, சாப்பாட்டு டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டே. "மூணு மாசத்துல நிறுத்திட்டு மறுபடி சேத்துப்பானுங்கோ. அப்ப வேற சைசு தருவானுங்கோ."