போத்தல் பிடிக்கிற கை

மூடியைத் திறந்ததும் இளையதம்பி முதலில் முகர்ந்துதான் பார்க்கிறார். இந்த மூக்குத் துவாரத்தால் ஒரு தரம், மற்றதால் ஒரு தரம். அதன் பிறகே என் மோட்டார் சைக்கிளின் பக்கம் குனிகிறார். கையில் இருப்பது இருமல் மருந்து வந்த குட்டிப் போத்தல், மூடியில் ஊசியால் குத்திய துளை, உள்ளே பெற்றோல். கார்புரேட்டருக்குள் இரண்டு சொட்டு விடுகிறார். சற்று யோசித்து இன்னும் அரைச் சொட்டு.

"இப்ப உதையுங்கோ, மாஸ்டர்."

உதைத்தேன். பெற்றோலில் கண் விழித்து மண்ணெண்ணெயில் ஓடும் என் வாகனம் வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு எழுந்தது. அரைச் சொட்டு விடுவது எப்படி என்று என்னிடம் கேட்காதீர்கள். கொடிகாமத்தில் அதை அவரிடம்தான் கேட்க வேண்டும்.

வீதியோரம் போத்தல்களை அடுக்கி வைத்து எண்ணெய் விற்கிறவர்கள் இளையதம்பி தூரத்தில் வருவதைக் கண்டாலே முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார்கள். கலப்படம் அந்த மூக்குக்குத் தப்பாது. "உது எண்ணெயில்லை, எண்ணெய்க்குத் தூரத்துச் சொந்தம்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். அதோடு அன்றைய வியாபாரம் படுத்துவிடும்.

யுத்தத்தில் அரசு யாழ்ப்பாணத்துக்கு எரிபொருள் தடை போட்டு ஐந்து வருடமாகிறது. அதற்கு முன் இவர் லொறிச் சாரதி. தென்மராட்சியின் மாம்பழமும் பலாப்பழமும் தேங்காயும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போவார். சாமான்களோடு திரும்பி வருவார். இப்போது லொறி வீட்டு வளவில் மரக்குற்றிகளின் மேல் ஏறி நிற்கிறது. சாரதி ஆசனத்தில் ஒரு பேட்டுக்கோழி முட்டையிடுகிறது. காலையில் தேத்தண்ணியோடு இவர் போனால் அது இறங்கிவிடும். இவர் ஏறியிருந்து ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் வெட்டிப் பார்த்துவிட்டு இறங்குவார். அது மறுபடி ஏறிக்கொள்ளும். இரண்டு பேருக்கும் இடையில் ஒரு சண்டை நடந்ததாக நான் கேள்விப்படவில்லை.

பிழைப்புக்குச் சைக்கிளில் விறகு கட்டிக்கொண்டுபோய் விற்கிறார். ஆனால் அது சைக்கிள் என்பதை அவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. "வண்டி" என்றுதான் சொல்வார். ஒழுங்கைக்குள் திரும்ப முன் இல்லாத கண்ணாடியில் பின்னால் பார்ப்பார். திருப்பத்தில் இரண்டு தரம் மணி. தண்டவாளத்தைக் கழற்றிப் பதுங்குகுழிப் பங்கருக்குக் கொண்டுபோய் எத்தனையோ காலம். ஆனாலும் ரயில் கடவையில் காலை ஊன்றி நின்று, இடமும் வலமும் பார்த்துத்தான் கடப்பார். பின்னால் வருகிற நாங்களும் நிற்க வேண்டும். ஒருநாள் எனக்குப் பொறுமை போய், "என்ன அண்ணை, யாழ்தேவி வருகுதோ?" என்று கேட்டேன்.

"வரேக்கை நிக்கப் பழகேலாது, மாஸ்டர். வராத நேரத்திலைதான் பழகவேணும்" என்றார்.

நான் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவன். நானும் இடமும் வலமும் பார்த்துவிட்டுத்தான் கடந்தேன்.

இந்த வருடம் தை பிறந்ததோடு ஊரில் வேறு காற்று. அரசோடு சமாதானப் பேச்சுவார்த்தை நடக்கிறது. பாதை திறக்குமாம், எண்ணெய் வருமாம் என்று கடைத்தெரு முழுக்கக் கதை. எங்கள் பக்கத்துக் கூட்டுறவுச் சங்கம் ஒன்று, ஐந்து வருடமாகக் கொட்டிலுக்குள் கிடந்த தன் எண்ணெய்த் தாங்கி லொறியை, அந்தப் பவுசரை, வெளியே இழுத்துக் கழுவியது. எண்ணெய் வந்தால் ஏற்றியிறக்க ஆள் வேண்டும். கண்ட நிண்ட ஆளிடம் பெற்றோல் பவுசரைக் கொடுக்க முடியாது. ஆபத்தான சரக்கு ஏற்றுகிறவனுக்கென்று தனிப் பரீட்சை வைத்துத்தான் எடுப்போம் என்றது சங்கம். பரீட்சை நடத்த, முன்பு எண்ணெய்க் களஞ்சியத்தில் மேற்பார்வையாளராக இருந்து இளைப்பாறிய நீக்கிலாப்பிள்ளையை யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறையிலிருந்து அழைத்தார்கள்.

மாசி நடுவில் இளையதம்பி தலைக்கு நல்லெண்ணெய் வைத்து, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போனார். வளைவு, பின்னுக்கு எடுக்கிறது, பிரேக் எல்லாவற்றிலும் குறையில்லை. கடைசியில் வாய்மொழிக் கேள்வி. சங்க வாசலில் நின்ற எனக்கு எல்லாம் கேட்டது.

"பவுசர் நிக்குது. வால்விலை ஒழுக்கு. அடைக்கேலாது. பெற்றோல் நிலத்திலை ஓடுது. என்ன செய்வீர்?"

"போத்தல் பிடிப்பன், ஐயா."

நீக்கிலாப்பிள்ளை நிமிர்ந்து பார்த்தார். "போத்தல் நிரம்பினா?"

"மற்றப் போத்தல் பிடிப்பன்."

"அதுவும் நிரம்பினா?"

"அதுக்கிடையிலை சனம் வந்திடும் ஐயா. அதுகளும் போத்தலோடைதானே வருங்கள்."

வாசலில் நின்ற நாங்கள் சிரிக்கவில்லை. அதில் சிரிக்க என்ன இருக்கிறது? நாங்களும் அதைத்தான் சொல்லியிருப்போம். ஐந்து வருடமாக ஒரு சொட்டு எண்ணெயை நிலத்தில் விழவிட்டு அறியாத ஊர் இது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, அந்தப் பஞ்சு நனைகிற அளவுக்கு எண்ணெய் விட்டு, அந்த வெளிச்சத்தில் பிள்ளைகளைச் சோதனைக்குப் படிக்க வைத்த ஊர்.

நீக்கிலாப்பிள்ளை பேனாவை மூடிச் சட்டைப் பையில் குத்தினார். "நீர் சொன்னதுதான் நடக்கும். அதாலைதான் உம்மட்டைப் பவுசரைத் தரப் பயமாக் கிடக்கு. பெற்றோல் ஆவி நிலத்தோடை ஊர்ந்து போய் எங்கை நெருப்புக் கிடக்கெண்டு தேடும், தம்பி. போத்தலோடை வந்த சனம் ஒண்டும் வீட்டை திரும்பிப் போகாது." பிறகு குரல் இறங்கியது. "பங்குனி கடைசியிலை ஒருக்கா வாறன். அப்பவும் சரிவராட்டி நெல்லியடியிலை ஒரு சாரதி இருக்கிறார்."

இளையதம்பி வீட்டுக்குப் போகும்போது கடவையில் நிற்கவில்லை. எனக்கு அது என்னவோ போலிருந்தது.

மறுநாள் தொடக்கம் அவர் மனைவி பத்மாசினி பரீட்சையாளர் ஆனார். எட்டாம் வகுப்போடு நின்றவர். ஆனால் கேள்வி கேட்கிற விதத்தில் எங்கள் அதிபர் தோற்றுப் போவார். தேங்காய் துருவிக்கொண்டே, திரும்பியும் பாராமல் கேட்பார்.

"ஒழுக்கு. முதல் என்ன?"

"எஞ்சினை நிப்பாட்டுறது."

"பிறகு?"

"பற்றரி வயரைக் கழட்டுறது. சனத்தை விலத்துறது. மண் போடுறது."

"தண்ணி ஊத்தினா என்ன?"

"தண்ணிக்கு மேலாலை மிதந்து போய் அடுத்த வீட்டுக் குசினி அடுப்பிலை பத்தும்."

"போத்தல்?"

இந்த இடத்தில் ஒவ்வொரு நாளும் இளையதம்பிக்கு ஒரு கணம் தடங்கும். "போத்தல் பிடிக்கிறேல்லை" என்பார், மருந்து குடித்த முகத்தோடு.

வாய்ப்பாடம் ஆனதும் செய்முறை தொடங்கியது. கிணற்றடியில் ஒரு வாளியில் ஆணியால் துளையிட்டுத் தொங்கவிட்டார்கள். பத்மாசினி துளையிலிருந்து விரலை எடுத்து "ஒழுக்கு!" என்று கத்த வேண்டும், இவர் கோழியை எழுப்பிவிட்டு லொறியிலிருந்து குதித்து ஓடிவர வேண்டும். கோழி கொக்கரிக்கும், நாய் குரைக்கும், இவர் "விலகுங்கோ! விலகுங்கோ!" என்று வாழை மரங்களைப் பார்த்துக் கத்துவார். பிறகு மண். கால்வாசி மண் வெங்காயப் பாத்திக்குள் போய், பரீட்சையாளரிடம் ஏச்சும் வாங்கினார்.

தண்ணீரில் அவருக்கு ஒருநாளும் பிழைக்கவில்லை. ஆனால் முகம் தெளியவும் இல்லை. ஒருநாள் என் வாகனத்துக்குச் சொட்டு விட்டுக்கொண்டே மனதைத் திறந்தார்.

"மாஸ்டர், தண்ணியெண்டு கைக்குத் தெரியுது. அதாலை சும்மா நிக்குது. எண்ணெய் ஓடினா உது கேக்காது. என்ரை கைதான், ஆனா உவர் இப்ப வேறை ஆள்." தன் வலது கையை, வீட்டுக்கு வந்து போக மறுக்கிற விருந்தாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"அப்ப என்ன செய்யப்போறியள்?"

"சோதினைக்காரரிட்டைச் சொல்லப்போறன்."

சொன்னார். பங்குனிக் கடைசியில் நீக்கிலாப்பிள்ளை மறுபடி வந்து, பவுசருக்குள் தண்ணீர் நிரப்பச் சொன்னபோது இளையதம்பி முன்னுக்குப் போய், "ஐயா, தண்ணி வேண்டாம். தண்ணியிலை நான் பாஸ் பண்ணிடுவன். அது சரியில்லை. எண்ணெயிலை வைச்சுப் பாருங்கோ" என்றார்.

வலிய வந்த சீதேவியை உதைக்கிறாரே என்று நான் மனதுக்குள் திட்டினேன். கையில் வந்த வேலையை இப்படியும் ஒருவன் தட்டிவிடுவானா? ஆனால் அவர் அங்கே நின்ற நிலையைப் பார்க்க எனக்குக் கண் கலங்கியதும் உண்மை.

 நீக்கிலாப்பிள்ளை சங்க மனேச்சரைப் பார்த்தார். பவுசரைக் கழுவுமுன் அதன் அடியிலிருந்து வடித்தெடுத்த பழைய மண்ணெண்ணெய் ஒரு தகரம் நிறைய ஸ்டோரில் இருந்தது. அதைக் கேட்டார். மனேச்சர் தன் சொந்தக் காணியை எழுதித் தரச் சொன்னதுபோல முழித்தார். என்றாலும் கொண்டுவந்தார். தாங்கியின் பின்பக்கத்து அறைக்குள் அதை ஊற்றினார்கள்.

சங்க முற்றத்தைச் சுற்றி நாற்பது ஐம்பது பேர். பத்மாசினியும் வந்திருந்தார். தூக்குப்பேணியில் கணவனுக்குத் தேத்தண்ணி. மதிலோரம் நின்று, உதடு அசைய எதையோ சொல்லிக்கொண்டிருந்தார். தேவாரம் என்று நினைத்துக் கிட்டப் போனேன். "எஞ்சின், பற்றரி, சனம், மண்" என்பதுதான் கேட்டது.

பவுசரின் எஞ்சின் ஓட, இளையதம்பி உள்ளே இருந்தார். நீக்கிலாப்பிள்ளை பின்னால் போய் வால்வைத் திறந்து, கைபிடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, "ஒழுக்கு!" என்றார்.

மண்ணெண்ணெய் விழுந்தது. நூல் பிடித்ததுபோல, வெயிலில் மினுங்கிக்கொண்டு, நிலத்தில். அந்த மணம் முற்றம் முழுக்கப் பரவியபோது கூட்டத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. செத்த வீட்டில் பறை தொடங்கும்போது எழுகிற சத்தம். என் மனைவி வீட்டில் விளக்குக்கு எண்ணெய் அளக்கிற தேக்கரண்டி என் கண்ணுக்குள் வந்தது. என் வலது கை தோள்பைக்குள் நுழைந்து தண்ணீர்ப் போத்தலின் கழுத்தைப் பிடித்திருந்தது. நான் அதை அனுப்பவில்லை.

எஞ்சின் நின்றது. இளையதம்பி குதித்தார். பற்றரி வயரைக் கழற்றினார். "விலகுங்கோ! ஒருத்தரும் கிட்ட வராதேங்கோ!" மனேச்சர் எங்கிருந்தோ ஒரு வாளியோடு வந்துகொண்டிருந்தார், அந்தக் குரலுக்கு அப்படியே நின்றார். கூட்டம் இரண்டு அடி பின்வாங்கியது.

ஒரு ஆளைத் தவிர. தேத்தண்ணியை மதிலடியில் ஊற்றிவிட்டு, வெறும் பேணியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு பத்மாசினி ஓடிவந்தார். ஒன்றரை மாதம் கேள்வி கேட்டுத் திருத்தியவர், பதில் எல்லாம் பாடமானவர், எங்களில் யாரையும் விட வேகமாக ஓடிவந்து ஒழுக்குக்குக் கீழே பேணியை நீட்டினார். பேணியின் அடியில் எண்ணெய் விழுகிற சத்தம் கேட்டது.

"இஞ்சாரும்!" என்றார் இளையதம்பி.

பத்மாசினி நிமிர்ந்தார். தான் எங்கே நிற்கிறேன் என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். முகம் வெளிறிவிட்டது. "ஐயோ, இஞ்சாருங்கோ... வீட்டை விளக்கு..." என்றார். 

"தெரியும். விலகும்."

அவர் அதட்டவில்லை. மனைவியின் தோளைப் பிடித்து மெல்ல ஒதுக்கி, பேணியைக் கையிலிருந்து வாங்கினார். ஒரு விரற்கடை எண்ணெய் அதற்குள் கிடந்தது. இரண்டு நாள் வெளிச்சம். வலது கை அதைப் பிடித்தபடி அப்படியே நின்றது. நீக்கிலாப்பிள்ளையும் நின்றார், நாங்களும் நின்றோம்.

இளையதம்பி பேணியை நிலத்தில் கவிழ்த்தார். சோதனைக்கென்று பக்கத்தில் கொட்டியிருந்த மணல் குவியலுக்குள் அதைக் குத்தி நிறைய அள்ளினார். மினுங்கிக்கொண்டு ஓடிவந்த எண்ணெயின் மேல், அது ஓடிவந்த முன்நுனியிலிருந்து தொடங்கி, ஒரு சொட்டும் தெரியாமல் மூடிக்கொண்டு போனார்.