உம் கொட்டச் சொன்னவர்

ஏழு வயதில் என்னைப் பாம்பு கடித்தது. கடித்தது பாம்புதான் என்றாலும், அன்று நான் பயந்ததெல்லாம் என் சித்தப்பாவுக்குத்தான்.

விக்கிரமசிங்கபுரத்துக்குப் பக்கத்தில், மலையடிவாரத்தில் எங்கள் ஊர். ஆலையின் காலைச் சங்கு ஊதி ஓய்ந்திருந்தது. எங்கள் வீட்டுப் பசுவுக்கு வைக்கோல் பிடுங்கப் படப்பின் அடிக்குப் போனேன். கணுக்காலில் சுருக்கென்றது. நல்ல பாம்பு ஒன்று அவசரமே இல்லாமல் வேலிப்பக்கம் போனதை அம்மாவும் பார்த்துவிட்டாள்.

அப்பா திருநெல்வேலிக்கு ரயிலேறிப் போயிருந்தார். வீட்டில் இருந்த ஒரே ஆண்பிள்ளை சித்தப்பா. பலாப்பழம் நறுக்கச் சொன்னால் தன் விரலை நறுக்கிக்கொள்கிற மனுஷர். என்மேல் உயிரையே வைத்திருந்தார். அதனால்தான் சூரிக்கத்தியை எடுத்து அடுப்பில் காய வைத்தார். "கடிவாயக் கீறிச் சுட்டாத்தான் பிழைப்பா மதினி, அழாதீய" என்று சொல்லிக்கொண்டே அவரே அழுதார். நான் கத்தியைப் பார்த்து அலறினேன்.

அந்த நேரத்தில்தான் காணிக்காரர் வாசலில் வந்து நின்றார். மலையிலிருந்து மாதம் ஒருமுறை தேனும் குங்கிலியமும் கொண்டுவந்து கொடுத்து, உப்பும் புகையிலையும் வாங்கிப் போகிறவர். கூடையை இறக்கினார். என் காலைப் பார்த்தார். சித்தப்பாவின் கையையும் பார்த்தார்.

"பிள்ளைக்கு ஒரு கதை சொல்லணும். கதை ஓடுற வரைக்கும் இரும்பு கிட்ட வரப்படாது ஐயா. வந்தா கதை கலைஞ்சு போகும்" என்றார்.

சித்தப்பா கத்தியை மாட்டுத்தொழுவில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். பாம்புக்குப் பயப்படாதவர்கள் எங்கள் ஊரில் உண்டு. மலைக்காரர் வாக்குக்குப் பயப்படாதவர் கிடையாது.

காணிக்காரர் என்னைப் பாயில் படுக்க வைத்தார். "பைய கெட மக்களே. நான் சொல்லச் சொல்ல உம் கொட்டணும். கால அசைச்சேன்னு வையி, கதையில உள்ள பிள்ளை மரத்துலேர்ந்து விழுந்திரும்."

ஏழு அண்ணன்மாருக்கு ஒரே தங்கச்சி. தேனெடுக்கப் போன அண்ணன்மாரைத் தேடிக் காட்டுக்குள் போகிறாள். கரடி துரத்துகிறது. வேங்கை, மருது, கோங்கு, ஈட்டி, நாங்கு, தேக்கு, செண்பகம் என்று மரத்துக்கு மரம் ஏறித் தப்புகிறாள். எந்த மரம் எப்போது பூக்கும், எதில் தேனீ கூடு கட்டும் என்பதெல்லாம் கதைக்குள்ளேயே வந்துகொண்டிருந்தது.

கதை நல்ல கதைதான். ஆனால் இந்த மனுஷருக்கு ஞாபகமே நிற்கவில்லையே என்று எனக்கு எரிச்சல். "இதுக்கு முன்ன ஏறின மரமெல்லாம் என்ன? வரிசையாச் சொல்லு" என்று நிறுத்தி நிறுத்திக் கேட்டார். தங்கச்சி மரத்து உச்சியில் கொக்குகளைப் பார்த்தாளாம். "அந்தப் புளியமரத்தப் பாரு, அங்கன எத்தன கொக்கு இருக்கு?" அவள் பசியில் வேப்பிலையைத் தின்றாளாம். என் வாயிலும் ஒரு கொழுந்து. "கசக்குதா?" அவள் சுனைத்தண்ணீர் குடித்தாளாம். எனக்கும் ஒரு மடக்கு. உம் கொட்ட நான் சற்றே பிந்தினாலும் குனிந்து என் கண்ணை உற்றுப் பார்த்தார்.

ஒருமுறை ஐந்தாவது மரம் எனக்கு வரவில்லை. அவர் முகம் மாறிவிட்டது. அம்மா சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள். சித்தப்பா தொழுவின் பக்கம் திரும்பிப் பார்த்தார். "நாங்கு!" என்று நான் கத்தியதும் மூன்று பேரும் ஒன்றாக மூச்சு விட்டார்கள். ஒரு மரத்தின் பேருக்காகப் பெரியவர்கள் இப்படியா தவிப்பார்கள் என்று இருந்தது.

எத்தனையோ வருஷம் கழித்து, டாக்டருக்குப் படித்த என் மகனிடம் இதைச் சொன்னேன். சிரித்துக்கொண்டே கேட்டவன் பாதியில் சிரிப்பை நிறுத்தினான். நல்ல பாம்பின் விஷம் ஏறினால் இமை சரியும், ஒன்று இரண்டாகத் தெரியும், நாக்குக் குழறும், தண்ணீர் உள்ளே இறங்காது, கடைசியில் மூச்சு நிற்கும் என்றான். "உனக்குப் பல்லு பட்டதோட சரி, விஷம் இறங்கலம்மா. ஆனா அத யாராலயும் பாத்த உடனே சொல்ல முடியாது. அவரு கூடவே இருந்து ஒண்ணொண்ணாப் பாத்திருக்காரு."

அப்படியானால் பாம்பு என்னை விட்டுவிட்டது. சித்தப்பாவின் கத்தியிலிருந்துதான் அவர் என்னைக் காப்பாற்றியிருக்கிறார். அந்தக் காலை ஊன்றித்தான் இன்றும் நடக்கிறேன். அவர் பேரைக்கூட நாங்கள் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. மலையைக் கண்டால் கை தானாகக் குவிகிறது. எந்தச் சாமியை என்று யாராவது கேட்டால் மலையைத்தான் கைகாட்டுகிறேன்.

அன்றைக்குக் கதை உச்சிவெயில் வரை ஓடியது. தங்கச்சி செண்பக மரத்தில் இருக்கிறாள், கரடி அடியில் நிற்கிறது. அவர் என் இமையை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "போதும் ஆச்சி, பிள்ளைக்குக் கஞ்சி குடுங்க" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு எழுந்தார்.

"கரடி என்ன ஆச்சு?" என்று கத்தினேன்.

"அது போயிட்டு மக்களே" என்று கூடையைத் தலையில் தூக்கினார்.

இப்படியா ஒரு கதையை முடிப்பார்கள் என்று காலை உதைத்துக்கொண்டு அழுதேன். அம்மா என்னை மடியில் அள்ளிப் போட்டுக்கொண்டு என்னைவிடச் சத்தமாக அழுதாள். பாவம், அவளுக்கும் முடிவு தெரியாத ஏமாற்றம்தான் என்று நினைத்து, "அடுத்த மாசம் வந்து மிச்சத்தச் சொல்லுவாரும்மா, அழாத" என்று அவள் கண்ணைத் துடைத்துவிட்டேன்.