பதினாறு மில்லிபார் குறைந்த வீடு

சாரல் தொடங்கிவிட்டால் எங்கள் வீட்டுச் சுவர்கள் தொட்டால் சில்லென்று இருக்கும். தலையணையில்கூட ஈர வாடை ஏறிவிடும். தென்காசிக்கே கொண்டாட்டமான காலம் அது, குற்றாலம் போகிற வேன்கள் காலையிலிருந்தே பாட்டுப் போட்டுக்கொண்டு ஓடும். எங்கள் வீட்டில் மட்டும் யாரும் சத்தமாகப் பேசமாட்டோம், ஏனென்றால் நான்கு வயதுத் தங்கை ஷமீமாவுக்கு அப்போதுதான் "இளைப்பு" கண்டுவிடும். அவள் மூச்சு விசிலடிப்பதைக் கேட்டபடியே நான் வீட்டுப்பாடம் எழுதுவேன்.

நான் ஏழாவது படித்த வருடம், மஸ்கட்டில் வேலை பார்த்த வாப்பா, உடைத்த கப்பலிலிருந்து எடுத்த காற்றழுத்தமானி ஒன்றை ஊருக்கு வந்தவரிடம் கொடுத்துவிட்டிருந்தார். பித்தளை வளையமும் நீல முள்ளும் கொண்ட அதை உம்மா "காத்துக் கடியாரம்" என்றாள். அளவெல்லாம் பாதரச அங்குலத்தில். "கண்ணாடிய மெதுவா ஒரு தட்டுத் தட்டிட்டுப் பாரு. அங்குலத்த முப்பத்துமூணு புள்ளி எட்டு ஆறால பெருக்கினா மில்லிபார். போன்ல ஹெக்டோபாஸ்கல்னு இருக்கும், ரெண்டும் ஒண்ணுதான்" என்று போனில் சொல்லிக்கொடுத்தார் வாப்பா.

முள் இருபத்தொன்பது புள்ளி மூன்றில் நின்றது. பெருக்கினால் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றிரண்டு. உம்மாவின் போனிலோ தென்காசிக்கு ஆயிரத்து எட்டு. அடுத்து வந்த நாட்களில் முள் ஏறியபோது போனும் ஏறியது, இறங்கியபோது இறங்கியது. இடையிலிருந்த பதினாறு மட்டும் அசையவே இல்லை. பழுதான கருவி இவ்வளவு ஒழுங்காகவா பொய் சொல்லும்?

"ஊரு பூரா இருக்க காத்து நம்ம வீட்டுல மட்டும் கொறையுதே. ஏட்டி, அத யாரு இழுக்கா?" என்று கேட்டுவிட்டு உம்மா ஷமீமாவைப் பார்த்தாள்.

அன்றிலிருந்து வீட்டில் எங்களைத் தவிர இன்னொரு மூச்சும் இருப்பதாக எனக்குப் பட்டது. பொழுதடைந்து மஃரிபு தொழுகை நேரத்தில் கரண்ட் போனால் என் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்பேன். தங்கையின் ஒரு விசிலுக்கும் அடுத்த விசிலுக்கும் நடுவே யாரோ மெல்ல உள்ளிழுப்பது போலிருக்கும். உம்மா கடியாரத்தை அறை அறையாகத் தூக்கிக்கொண்டு நடந்தாள். அடுப்படி, மச்சு, கட்டிலடி, எங்கும் அதே எண். குற்றாலத்துக்கும் எடுத்துப் போனோம். அருவிக்கு ஏறும் மேட்டில் முள் இன்னும் ஒரு மயிரிழை இறங்கியது. மலையிலிருந்துதான் அது வருகிறது என்று முடிவுகட்டி, உம்மா குளிக்காமலே திரும்பிவிட்டாள்.

அந்த வாரமே தூத்துக்குடிக்குப் புறப்பட்டோம். கடலுக்குப் பக்கத்தில் உம்மாவின் தங்கை, எங்கள் சாச்சி, பிள்ளையில்லாமல் இருந்தாள். பஸ்ஸில் உம்மா மடியில் ஷமீமா, என் மடியில் கடியாரம். திருநெல்வேலி வருவதற்குள்ளேயே முள் நன்றாக ஏறியிருந்தது. சாச்சி வீட்டில் கண்ணாடியைத் தட்டிப் பார்த்துப் பெருக்கினேன். போனிலிருந்த எண்ணும் அதுவும் ஒன்றாகிவிட்டன. மதியம் தங்கை விசிலில்லாமல் தூங்கினாள். உம்மா அவள் நெஞ்சில் வைத்த கையை எடுக்கவே இல்லை.

"இவ இங்கனயே இருக்கட்டும். இங்கனதான் காத்து முழுசா இருக்கு" என்றாள். திரும்பும் பஸ்ஸில் உம்மாவின் மடி காலியாக இருந்தது.

பதினொன்றாம் வகுப்பில்தான் விஷயம் புரிந்தது. கடல்மட்டத்திலிருந்து உயர உயரக் காற்றின் அழுத்தம் குறையும். கப்பலில் இருந்த கருவி எங்கள் வீட்டில் உள்ளதை உள்ளபடி சொன்னது. ஊர் கடல்மட்டத்தில் இருந்தால் எவ்வளவு இருக்குமோ அதைக் கூட்டிச் சொன்னது போன். எங்கள் வீட்டுக்கு நேர் கீழே, பாறைக்குள், இல்லாத ஒரு வீட்டின் காற்று அது. அந்தக் குறை தென்காசியில் எல்லார் வீட்டிலும்தான் இருந்தது. ஷமீமாவுக்கு ஒத்துக்கொள்ளாதது சாரலின் ஈரம் மட்டுமே. என் பெருக்கலில் ஒரு பிழையும் இல்லை என்பதை இன்றும் என்னால் தாங்க முடியவில்லை.

உம்மாவிடம் சொன்னேன்.

"அப்போ இங்கன யாரும் இழுக்கலியா?"

"இல்லும்மா."

"அப்போ எம் பிள்ளைய யாரு கொண்டு போனா?"

கடியாரம் துருவேறி நின்று, பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டது. வாப்பாவும் வேலையை விட்டு ஊரோடு வந்துவிட்டார். ஷமீமா நன்றாக வளர்ந்து நிற்கிறாள். சாச்சியைத்தான் "உம்மா" என்கிறாள். பெருநாளைக்கு வந்தால் எங்கள் வாசலில் செருப்பைக் கழற்றியபடி "பெரியும்மா" என்று குரல் கொடுப்பாள். உம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்து, பெற்ற மகளை "வாங்க" என்று கூப்பிடுகிறாள், விருந்தாளியைக் கூப்பிடுவது போல.