இரும்புக் குளிசை

சண்டை மூண்டு வெளியூர்ப் பாதை பூட்டிய அடுத்த வருடம் என் தங்கை பிள்ளைத்தாச்சியாக இருந்தாள். ஆறாம் மாதத்தில் பல் தீட்டும்போதெல்லாம் ஈற்றிலிருந்து இரத்தம் கசியத் தொடங்கியது. கொப்பளித்த தண்ணீர் கிணற்றடியில் சிவந்து ஓடும். "முரசு கரையுதக்கா" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் ஸ்கந்தபுரத்தில் உயிரியல் படிப்பித்தவள். தெரியாது என்று சொல்லும் பழக்கம் அப்போது என்னிடம் இல்லை. பழைய நுண்ணுயிரியல் புத்தகமொன்றைப் புரட்டினேன். ஈற்றை அழிக்கும் ஒரு பற்றீரியாவுக்கு இரும்பு வேண்டுமாம். ஈற்றைப் புண்ணாக்கி இரத்தம் கசியவைத்து, செங்குருதிக் கலத்தை உடைத்து, ஈமோகுளோபினைத் துண்டாக்கி, உள்ளே இருக்கும் இரும்பைப் பறித்துக்கொள்ளும். தன் சாப்பாட்டைத் தானே வரவழைக்கிற சாமான். பறித்ததை மேலே பூசிக்கொள்வதால் ஆய்வுகூடத் தட்டில் கன்னங்கரேலென்று வளருமாம்.

கிளினிக்கில் தந்த இரும்புக் குளிசையைப் போட்டால் தங்கைக்கு மலமும் கறுப்பாகப் போனது. இரண்டு கறுப்பையும் நானே முடிச்சுப் போட்டேன்.

"குளிசையை நிப்பாட்டு. நீ விழுங்கிறது முழுக்க வாயில இருக்கிற கிருமிக்குத்தான் போகுது."

குளிசை குமட்டுகிறது என்று முனகிக்கொண்டிருந்தவளுக்கு அது வசதியாயிற்று. ஆனாலும் சீண்டாமல் விடவில்லை. "ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் எண்டு சொல்லுவினம். நான் எத்தினையாவது ஆள் அக்கா?"

"வாயைப் பொத்து" என்று கத்தினேன்.

குண்டு போடும் கிபிர் விமானங்களுக்குப் பயந்து இரண்டு மாதம் கிளினிக்குக்குப் போகவில்லை. கிணற்றடிக்குப் போய்வரவே அவளுக்கு மூச்சு வாங்கியது. குசினிக்குள் நின்று பச்சை அரிசியை அள்ளித் தின்றாள். மசக்கை ஆசை என்று விட்டுவிட்டேன்.

ஒன்பதாம் மாதம் மருத்துவமாது வீட்டுக்கே வந்தா. தங்கையின் கீழிமையை இழுத்துப் பார்த்தா.

"வெள்ளையாக் கிடக்கு. குளிசை போடுறியோ பிள்ளை?"

தங்கை என்னைப் பார்த்தாள். "இல்லை மிஸ்ஸி. குமட்டிச் சத்தி வருது எண்டு நானாத்தான் நிப்பாட்டினனான்."

மருத்துவமாது அதைக் கார்டில் எழுதினா. நான் சும்மா கேட்பதுபோல, "இரும்புக் குளிசையால முரசில கிருமி கூடாதோ?" என்று கேட்டேன்.

"ஆர் சொன்னது ரீச்சர்? அது குளிசையைத் தேடி வாறேல்ல, கசியிற ரத்தத்தைத் தேடித்தான் வருது. ஒழுங்காப் பல்லுத் தீட்டினா ரத்தம் நிண்டிடும். குளிசையை இண்டைக்கே துடங்குங்கோ."

அன்றே தொடங்கினோம். பத்து நாளில் வலி வந்தது. கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை சுகமாகப் பிறந்தது. தாய்க்கு இரத்தம் நிற்கவில்லை.

"ரத்தம் கனக்கப் போகேல்லை ரீச்சர்" என்றா அங்கிருந்த தாதி. "வேற ஆளெண்டால் தாங்கியிருக்கும். இவவின்ர உடம்பில ஒண்டுமில்லை."

மத்தியானம் திரும்புமுன் தங்கை போய்விட்டாள். டொக்டர் கார்டை விரித்து, "தானாக் குளிசையை நிப்பாட்டியிருக்கிறா" என்று தலையை ஆட்டினார். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு நான் எதிரே இருந்தேன். நிப்பாட்டச் சொன்னது நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை.