சத்தம் போடாத கார்

கோப்பாய்ச் சிவகரனுக்கு ஐம்பத்து மூன்று வயதில் ஒரு புதுப் பயம் பிடித்துக்கொண்டது. பாம்புக்கும் பேய்க்கும் பயப்படாத மனிதர், சொந்த வளவுக்குள் நின்ற சொந்தக் காருக்குப் பயந்தார். சிரிக்காதீர்கள். வெள்ளை நிறத்தில் மினுமினுவென்று அந்தக் கார் கொழும்பிலிருந்து வந்து நான்கு நாளாகிறது. அவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தாரே தவிர ஒழுங்கையில் இறக்கவில்லை. அது மின்சாரக் கார். சத்தம் போடாது. ஆருடைய பிள்ளையையாவது அடித்துப் போடுவேன் என்று புலம்பிக்கொண்டே இருந்தார்.

காதால் கார் ஓடிப் பழகியவர் அவர். பத்தொன்பது வயதில், யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராத சண்டைக் காலத்தில், ஒரு கிழட்டுச் சோமசெற் காரை வாடகைக்கு ஓடத் தொடங்கினார். நாலு துளி பெற்றோலை ஊசியால் ஏற்றி எஞ்சினை உசுப்பிவிட்டு, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டவேண்டும். பின்னால் வரும் புகை ஒழுங்கையையே மூடிவிடும். கியர் மாற்ற வேண்டுமா, எண்ணெய் முடியப் போகிறதா, எல்லாம் காதுக்குத் தெரியும். குண்டு போடப் பொம்மர் விமானம் வந்தாலும் காதுதான் முதலில் சொல்லும். காரை வேப்பமரத்துக்குக் கீழே விட்டுவிட்டு மண்ணில் குப்புறப் படுப்பார். சத்தம் கேட்டால் தப்பலாம், அவருக்குத் தெரிந்ததெல்லாம் அதுதான். அதற்குப் பிறகு எத்தனையோ கார்கள். கல்யாண மாப்பிள்ளைகளை ஏற்றினார், செத்தவருக்கு அந்தியேட்டிக் கிரியை செய்யக் கீரிமலைக்குப் போனவர்களை ஏற்றினார், பிரசவ வலியில் கத்தியவர்களை ஏற்றினார். இத்தனை வருடத்தில் ஒரு கோழிகூட அவருடைய சில்லில் அகப்பட்டதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

வினை மகளின் ரூபத்தில் வந்தது. மகள் கஜந்தினி வாகனப் புகை சோதிக்கும் இடத்தில் வேலை செய்கிறாள். காரின் புகைக்குழாய்க்குள் கருவியைச் செருகி, கணினி சொல்வதைப் பார்த்துப் பாஸ், பெயில் என்று எழுதிக் கொடுப்பது அவள் வேலை. போன வருடம் அப்பாவின் டீசல் காரையே பெயிலாக்கிவிட்டாள்.

"பெத்த தேப்பனெண்டும் பாராமல் எழுதிப்போட்டாய் என்ன?" என்று சிவகரன் துள்ளினார்.

"உங்கடை காருக்கு மட்டும் வெள்ளைப் புகையே வருது அப்பா? கருவிக்குத் தேப்பனும் தெரியாது, தாயும் தெரியாது."

அவர் எஞ்சினைத் திருத்திக்கொண்டு போனார். அப்போதும் பெயில். மூன்றாந்தரமும் பெயிலான பிறகு அவள் பக்கத்தில் வந்திருந்து கதைத்தாள். "முந்தி ஒரு நாளைக்கு முப்பது கார் வரும். இப்ப வாகன இறக்குமதித் தடையை எடுத்த பிறகு றோட்டிலை கால் வைக்க ஏலாது. நான் பாஸ் எழுதின காரும் புகைதான் விடுது. கொஞ்சமா விடுது, அவ்வளவுதான். பத்துக் கார் விட்ட இடத்திலை நூறு கார் கொஞ்சங் கொஞ்சமா விட்டால் என்ன நடக்கும்? போன சித்திரை வெய்யிலிலை என்ன பாடு பட்டனீங்கள், மறந்துபோச்சே?"

கூரையில் ஏற்கெனவே சூரியத் தகடு போட்டிருந்தார்கள். வெயிலில் கார் ஓடும் என்றால் யாழ்ப்பாணத்தில் வெயிலுக்கா பஞ்சம்? அப்பாவும் மகளுமாகச் சேர்ந்து அந்த வெள்ளைக் காரை வாங்கினார்கள்.

ஐந்தாம் நாள் வெள்ளிக்கிழமை. கஜந்தினி ஓட்டிக்கொண்டு வந்து பிள்ளையார் கோயில் வாசலில் விட்ட காருக்குப் பூசை. மனைவி குணலட்சுமி பூமாலையோடு நின்றாள். ஐயர் காரின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்தார், நான்கு சில்லுக்கும் முன்னால் தேசிக்காய் வைத்தார். தேங்காயை உடைத்துவிட்டு, "ஏறி இருந்து ஸ்டார்ட் பண்ணுங்கோ, நான் சொல்லேக்கை எடுங்கோ" என்றார்.

சிவகரன் ஏறி இருந்து பொத்தானை அமத்தினார். சத்தம் வரவில்லை. கியர்க் குமிழைத் திருகினார். அப்போதும் வரவில்லை. ஓடும்போது மெல்லிய ரீங்காரம் ஒன்று வருமாம். ஆனால் அந்த நேரம் பார்த்துக் கோயில் மணி அடித்தது, அதற்கு முன்னால் ரீங்காரம் எம்மாத்திரம்! ஸ்டார்ட் ஆகவில்லை என்றே அவர் நினைத்தார். முப்பது வருடப் பழக்கம், எஞ்சினை உசுப்புவதற்குக் கால் தானாகப் போய் வேக மிதியை ஒரு மிதி மிதித்தது.

கார் பாய்ந்தது.

ஒரு முழம்தான் இருக்கும். அடுத்த கணமே பிரேக்கில் காலை ஊன்றிவிட்டார். ஆனால் உருண்டுபோன ஒரு தேசிக்காயைச் சரிபண்ணவென்று கஜந்தினி இடப்பக்க முன்சில்லடியில் குனிந்ததை அவர் கடைசிக் கணத்தில்தான் கண்டிருந்தார். கார் நின்றுவிட்டது. அவள் எழும்பவில்லை.

"ஐயோ, என்ரை பிள்ளை!" என்று குணலட்சுமி கத்தினாள்.

சிவகரன் ஸ்டியரிங்குக்கு மேலாக எட்டிப் பார்த்தார், பிள்ளை தெரியவில்லை. கார் இனி முன்னால் பாயுமா, பின்னால் போகுமா? காலை எடுத்தால் ஓடுமா, நிற்குமா? ஒன்றும் தெரியவில்லை. கார் உயிரோடு இருக்கிறதா செத்துவிட்டதா என்றுகூட அந்தக் காது சொல்லவில்லை. பிரேக்கின் மேலிருந்த கால் வெடவெடவென்று நடுங்க, அந்தக் காலை இரண்டு கையாலும் பிடித்து அமத்திக்கொண்டு, "கஜந்தி! கஜந்தி!" என்று அலறினார். பிள்ளையாரே, என்னை எடு, அவளை விடு என்று வாய்விட்டு அழுதார்.

"அப்பா, காலை எடுக்காதேங்கோ." சில்லடியிலிருந்து அவளுடைய குரல் வந்தது. "எனக்கு ஒண்டுமில்லை. சீலைதான் சில்லுக்குக் கீழை மாட்டிப்போச்சு. குமிழுக்குப் பக்கத்திலை P எண்டு ஒரு பொத்தான் இருக்கு. அதை அமத்துங்கோ."

அவர் அமத்தினார். "அமத்திப்போட்டன்" என்றார். ஆனாலும் காலை எடுக்கவில்லை. ஐயர் வந்து கதவைத் திறந்து, தோளைப் பிடித்து உலுக்கிய பிறகுதான் எடுத்தார்.

தேசிக்காய் நசுங்கிச் சப்பளிந்து கிடந்தது. அதற்கு நாலு விரல் தள்ளி அவளுடைய பாதம் இருந்தது. புதுச்சீலையின் கரையைச் சர்ரென்று கிழித்துக்கொண்டு எழும்பினாள்.

"கண்ணூறு இதோடை போச்சுது. நல்ல நேரம் முடியமுன்னம் எடுங்கோ" என்றார் ஐயர். கூடி நின்றவர்களும் அதையே சொன்னார்கள். சொல்லுவார்கள்தானே, மிதித்தது அவர்களுடைய காலில்லையே! சிவகரன் மாட்டேன் என்று ஒரேயடியாகத் தலையை ஆட்டினார். கடைசியில் கஜந்தினி ஏறி இருந்து காரை எடுத்தாள். சிவகரன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் நடந்தார்.

"கார் வருது! விலகுங்கோ, கார் வருது!"

ஒழுங்கை முழுக்க அதே கூச்சல். ஆட்டைக் கண்டாலும் கூச்சல், வெறும் மதிலைக் கண்டாலும் கூச்சல். குறுக்கு ஒழுங்கையால் வந்த அயல்வீட்டு றமேஸ் பின்னுக்குப் பாராமலே சைக்கிளைத் திருப்பி அவரோடு சேர்ந்து உழக்கிக்கொண்டு, "என்ன அண்ணை, புதுக்கார் வாங்கிப்போட்டு நடந்து வாறியள்? பைத்தியமே?" என்று கெக்கட்டம் விட்டுச் சிரித்தான்.

"ஓரமாப் போ தம்பி. உனக்குப் பின்னாலை நிக்குது."

றமேஸ் திரும்பிப் பார்த்தான். சைக்கிள் மட்காட்டிலிருந்து கை எட்டும் தூரத்தில் அந்த வெள்ளை முகம் நின்றது. சைக்கிளைப் போட்டுவிட்டு வேலிக்கு மேல் பாய்ந்தான். பிறகு அவன் சிரிக்கவில்லை.

காரின் கண்ணாடி இறங்கியது.

"அப்பா, ஏறுங்கோ."

"நீ வா பிள்ளை. நான் நடக்கிறன்."

"ஏறுங்கோ அப்பா. எனக்குத் தனிய இருக்கப் பயமாக் கிடக்கு."

அப்போதுதான் அவர் அவளைச் சரியாகப் பார்த்தார். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த இரண்டு கையும் நடுங்கிக்கொண்டிருந்தன. உதடு வெளிறியிருந்தது. கோயிலடியில் அவ்வளவு நிதானமாகக் கதைத்த பிள்ளை! தகப்பன் பதறிக் காலை எடுத்துவிடக் கூடாதென்று அந்தப் பயத்தை அவள் இவ்வளவு நேரமும் விழுங்கிக்கொண்டு இருந்திருக்கிறாள்.

சிவகரன் மற்றப் பக்கத்தால் ஏறி அவளுக்குப் பக்கத்தில் இருந்தார். "மெல்ல விடு" என்றார். அவள் விட்டாள். வீடு வரும்வரைக்கும் அவர் ஒரு கையால் அவளுடைய தோளைப் பிடித்துக்கொண்டு, தலையை யன்னலுக்கு வெளியே நீட்டிக் கத்திக்கொண்டே போனார்.