அச்சில் இருந்த கையெழுத்து

அழகுசுந்தரத்துக்குத் தெரியாத பழைய பொருளே கிடையாது என்று அவரையே நம்ப வைத்ததில் எங்கள் கடைத்தெரு முழுவதற்கும் பங்கு உண்டு. என் பங்கு கொஞ்சம் கூடுதல். காரைக்குடியில் பழைய சாமான் கடைகள் வரிசையாக இருக்கிற தெருவில் அவர் கடைக்கு அடுத்த கடை என்னுடையது. நான் பித்தளையும் எனாமல் பாத்திரமும் விற்கிறேன். யாராவது எதையாவது தூக்கிக்கொண்டு வந்து இது எந்தக் காலத்துச் சாமான், என்ன பெறும் என்று கேட்டால் நான் யோசிக்கிற வேலையே வைத்துக்கொள்வதில்லை. கையை அங்குட்டு நீட்டிவிடுவேன்.

அழகுசுந்தரம் ஒல்லியான ஆள். எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை. சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் பூதக்கண்ணாடி. அப்பா தச்சு வேலை பார்த்தவர். பாகம் பிரித்த பெரிய வீடுகளில் கதவும் நிலையும் கழற்றப் போகும்போது மகனையும் கூட்டிக்கொண்டு போவார். அப்படிப் போன இடங்களில் கற்றுக்கொண்டதுதான் எல்லாம். மரத்தை லேசாகச் சுரண்டி மோந்து பார்த்து பர்மாத் தேக்கா, மலையாளத் தேக்கா என்று சொல்லிவிடுவார். எனாமல் தட்டின் விளிம்பைப் பார்த்தே ஜப்பானா செக்கோஸ்லோவாக்கியாவா என்பார். நூற்றுக்குத் தொண்ணூறு தடவை சரியாக இருக்கும். மீதிப் பத்துத் தடவையும் அவர் சொல்கிற தோரணையில் சரியாகிவிடும்.

பூதக்கண்ணாடி வந்ததற்கு ஒரு கதை உண்டு. முப்பது வருடத்துக்கு முன்னால் கானாடுகாத்தானில் ஒரு வீட்டிலிருந்து ஆளுயர ஓவியம் ஒன்றை வாங்கி வந்தார். மலை, ஏரி, வெள்ளைக்காரப் பெண்கள், மூலையில் ஒரு கையெழுத்து. மனைவி புஷ்பவள்ளியின் சங்கிலியை அடகு வைத்து வாங்கியது. பார்க்க வந்த சென்னைக்காரர் ஒருவர் கையெழுத்தின் மேல் கண்ணாடியை வைத்துப் பார்த்தார். "புள்ளி புள்ளியா இருக்கு பாருங்க. படமும் அச்சு, கையெழுத்தும் அச்சு" என்று நடுத்தெருவில் நின்று சொல்லிவிட்டுப் போனார். தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன். மறுநாள் அழகுசுந்தரம் மதுரைக்குப் போய் ஒரு பூதக்கண்ணாடி வாங்கி வந்தார். அன்றிலிருந்து கையெழுத்து உள்ள எந்தச் சாமான் வந்தாலும் முதலில் அதைத்தான் பார்ப்பார். பேனாவின் அழுத்தம் தெரிந்தால் அசல். அச்சு என்றால் டூப்ளிகேட். அதற்கு மேல் பேச்சு கிடையாது.

போன வருடம் மாசி மாதம் ஒரு காலை நேரத்தில் தேவிகா வந்தாள். கீழச்சிவல்பட்டிக்காரி, நாற்பத்தைந்து வயது இருக்கும். கூடவே அவள் கணவனின் அண்ணன் மருதுபாண்டி. புதுவயல் அரிசி மில்களுக்கு லாரி விடுகிறவர், பெரிய குரல். தேவிகா குழந்தையைத் தூக்கி வருகிற மாதிரி ஒரு போர்வைச் சுருட்டை நெஞ்சோடு அணைத்து வைத்திருந்தாள். பிரித்தால் எலக்ட்ரிக் கிட்டார். கருஞ்சிவப்பு நிறம், தேய்ந்த இடத்தில் மரம் தெரிந்தது. அவள் கணவன் ஸ்ரீதர் ஒரு காலத்தில் திருவிழாக் கச்சேரிகளில் கிட்டார் வாசித்தவன். பிறகு சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டராகப் பதினோரு வருடம் இருந்தான். இந்தக் கிட்டாரை அங்கேதான் வாங்கினான். இரண்டு வருடம் முன்னால் மாரடைப்பில் போய்விட்டான்.

"ரெண்டு வருச போனஸை ஒரு மரக்கட்டையில போட்டுட்டு வந்தான்ணே எந்தம்பி" என்றார் மருதுபாண்டி. "ஏமாத்தி வித்திருக்கான் எவனோ. அப்பவே சொன்னேன்."

"விக்க வரலைண்ணே" என்றாள் தேவிகா. "இது அசலு, உலகத்துலயே கொஞ்சந்தான் இருக்குன்னு அவுக சாகுற வரைக்கும் சொன்னாக. இவுக எல்லாரும் இல்லைங்கிறாக. நெசமா பொய்யான்னு மட்டும் சொல்லுங்க. எனக்கு அது போதும்."

அழகுசுந்தரம் வாழ்நாளில் ஒரு எலக்ட்ரிக் கிட்டாரைத் தொட்டதில்லை. எனக்கு அது தெரியும். நான் என் கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தெரியாது என்று அவர் சொல்லியிருக்கலாம், நானும் சொல்ல வைத்திருக்கலாம். அவரோ கிட்டாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், போனில் நாலு போட்டோ எடுத்துக்கொண்டார். கம்பி முறுக்குகிற ஆணிகள் இருக்கிற தலைப்பகுதியில் ஆங்கிலத்தில் ஒரு கையெழுத்து ஓடியது. அதைக் கண்டதும் அவர் முகம் தெளிந்துவிட்டது. தெரிந்த பாடத்தில் கேள்வி வந்துவிட்டதல்லவா. விரலை நனைத்துத் தடவினார், கண்ணாடியை வைத்தார்.

"அழுத்தமே இல்லை. அச்சு" என்றார். "மன்னிச்சுக்கம்மா, டூப்ளிகேட்."

மருதுபாண்டி சிரித்த சிரிப்பு எதிர்ச் சாரி வரைக்கும் கேட்டது. கிட்டாரைத் திரும்பப் போர்வையில் சுற்றத் தேவிகாவுக்கு வெகு நேரம் பிடித்தது. முனை ஒன்று வெளியே வந்துகொண்டே இருந்தது. உதவிக்கு யாரும் போகவில்லை.

ஆடி மாதத்தில் ரவிக்குமார் என்று ஒருவர் மதுரையிலிருந்து வந்தார். கிட்டாரும் அதன் ஒலிபெருக்கிகளும் பழுது பார்க்கிறவர். பழைய ரேடியோக்களில் இருக்கிற கண்ணாடி வால்வுகளைத் தேடி வந்திருந்தார். கிட்டார் என்ற பேச்சு வந்ததுமே அழகுசுந்தரத்துக்கு வாய் சும்மா இருக்கவில்லை. அச்சுக் கையெழுத்தைக் கண்டுபிடித்த கதையை எடுத்துவிட்டார், போட்டோவையும் காட்டினார். நான் டீ வாங்கிக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றிருந்தேன்.

ரவிக்குமார் சிரிக்கவில்லை. போட்டோவை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். "அண்ணே, இந்த வகையில கையெழுத்து அச்சுலதான் இருக்கும்" என்றார். "பெரிய கிட்டார் கலைஞர் ஒருத்தர் பேர்ல, அவர் கேக்குற மாதிரி கழுத்து, அவர் கேக்குற மாதிரி சத்தத்தை எடுக்குற காயில் வச்சு கம்பெனியே செய்யுறது. சிலதுல நூறுதான் செய்வாக. கையெழுத்தைத் தலையில அச்சாப் பதிச்சு மேல வார்னிஷ் அடிச்சிருவாக. அதுதான் அடையாளமே. பேனாவுல போட்டிருந்தா அது வேற கதை, அதுக்குத் தனியா சாட்சி வேணும். பின்பக்கம் நம்பர் இருக்கு பாருங்க. ஆணி ஒண்ணுகூட மாத்துன மாதிரித் தெரியலை. முடிவாச் சொல்லணும்னா திறந்து பாக்கணும். ஆனா நீங்க சொன்ன காரணம் காரணமே இல்லை."

அழகுசுந்தரத்தின் காது மடல்கள் சிவந்துவிட்டன. அறுபது வயது ஆளுக்கு அப்படிச் சிவந்து நான் பார்த்ததில்லை. ரவிக்குமார் போனபிறகு அவர் என் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். என்ன செய்யலாம் என்று என்னைக் கேட்டார். நான் சொன்னதை இப்போது எழுதவே கூசுகிறது. "அந்தம்மா விக்கவா போகுது? காசு நட்டமா, ஒண்ணா. விட்டுத்தள்ளுங்க" என்றேன். அதற்காகவே காத்திருந்தவர் போல எழுந்து போனார்.

பதினோரு நாள் விட்டுத்தள்ளிப் பார்த்தார். முடியவில்லை. யாராவது சாமானைக் கொண்டுவந்து நீட்டினால் நாளைக்கு வாங்க என்று அனுப்பினார். சாப்பாட்டுத் தூக்கு திறக்காமலேயே வீட்டுக்குத் திரும்பிப் போனது. புஷ்பவள்ளி கேட்டுக் கேட்டு விஷயத்தை வாங்கிவிட்டார். அவர் சொன்னதை அழகுசுந்தரமே என்னிடம் சொன்னார். "ஒரு பொம்பளைகிட்ட அவ செத்துப்போன புருசனை ஏமாளின்னு சொல்லிட்டு வந்திருக்கீக. சோறு எப்படி இறங்கும்?"

ஞாயிற்றுக்கிழமை காலை ரவிக்குமாரை வரவழைத்து மூன்று பேருமாகக் கீழச்சிவல்பட்டிக்குப் போனோம். மருதுபாண்டியின் மாடி வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு ஓட்டு வீட்டில் தேவிகா இருந்தாள். எங்களைக் கண்டதும் குழம்பினாள். இருந்தாலும் பாய் விரித்து, தண்ணீர் கொடுத்தாள். கிட்டாரை இன்னொரு தடவை பார்க்கணும் என்று அழகுசுந்தரம் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

போர்வையைப் பிரித்தபோது முதலில் எனக்குப் புரியவில்லை. தலைப்பகுதியில் கையெழுத்து இருந்த இடம் வெளுத்துக் கிடந்தது. வார்னிஷ் போன வெறும் மரம். சுற்றிலும் கோடு கோடாகத் தேய்த்த தடம்.

"மாமனார் தெவசத்துக்கு எல்லாரும் வந்திருந்தாக" என்றாள் தேவிகா. "பக்கத்து வீட்டுப் பெரியவுக இதை எடுத்துட்டு வரச் சொல்லி, அந்தக் கையெழுத்தை ஒவ்வொருத்தருக்கா காட்டுனாக. காரைக்குடியில பெரிய ஆளே பொய்யின்னு சொல்லிட்டாருன்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சாக. அன்னைக்கு சாயங்காலமே உப்புத்தாள் வாங்கித் தேச்சுட்டேன். பொய்க் கையெழுத்து அவுக சாமான் மேல எதுக்குண்ணே."

அழகுசுந்தரம் கையை நீட்டி அந்த வெளுத்த இடத்தைத் தொடப் போனார். தொடாமல் எடுத்துக்கொண்டார்.

ரவிக்குமார் பின்மூடியைத் திறந்தார். டார்ச்சு அடித்து உள்ளே சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற குமிழ்களின் அடியில் பொறித்திருந்த எண்களைப் படித்தார், ஈயப் பற்று வைத்த இடங்களைப் பார்த்தார், கழுத்தைக் கழற்றி அதன் அடியில் இருந்த முத்திரையையும் தன் போனில் இருந்த படத்தையும் ஒப்பிட்டார். அரை மணி நேரம் ஆனது. தேவிகா அடுப்பை அணைக்க உள்ளே போன சமயம் எங்களைப் பார்த்துத் தலையாட்டினார். அசல்தான்.

நான் அழகுசுந்தரத்தின் தொடையைத் தட்டினேன். "சொல்ல வேண்டாம்" என்றேன் மெதுவாக. "அந்தம்மா கையாலேயே அழிச்சிருக்கு. தெரிஞ்சா தாங்காது. பேசாம எந்திரிங்க." அது அவள் மேல் உள்ள இரக்கம் என்றுதான் அப்போது நினைத்தேன். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் காப்பாற்றப் பார்த்தேன் என்பது திரும்பி வரும்போதுதான் எனக்கே உறைத்தது.

அவர் எழுந்திருக்கவில்லை. தேவிகா வந்ததும், "தங்கச்சி, இது அசலு" என்றார். "அந்தக் கையெழுத்து அச்சுல இருந்தாத்தான் சரி. எனக்குத் தெரியலை. உங்க வீட்டுக்காரர் ஏமாறலை."

அவள் உடனே அழுவாள் என்று நினைத்தேன். அவள் வாசலுக்குப் போய் பக்கத்து வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "பெரியவுகளைக் கொஞ்சம் வரச் சொல்லுங்க." மருதுபாண்டி பனியனோடு வந்தார். அவர் மனைவியும் வந்து நிலையோரம் நின்றார். "இவுக முன்னாடி சொல்லுங்கண்ணே" என்றாள் தேவிகா.

அழகுசுந்தரம் எழுந்து நின்று சொன்னார். "அன்னைக்கு நான் சொன்னது தப்பு. இது அசலு."

"அப்ப அன்னைக்கு எதை வச்சுச் சொன்னீக?" என்றார் மருதுபாண்டி.

"எதையும் வச்சு இல்லை. தெரியாதுன்னு சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு சொன்னேன்."

மருதுபாண்டி தம்பி வாசித்த கிட்டாரைப் பார்த்துவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வெளியே போனார். அவர் மனைவியும் பின்னாலேயே போய்விட்டார்.

அழகுசுந்தரத்துக்கு நிற்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை. "அதே மாதிரி அச்சு தனியாக் கிடைக்குமாம் தங்கச்சி. எங்கிருந்தாவது வாங்கி, தெரியாத மாதிரி ஒட்டித் தாரேன். என் செலவு" என்றார். சொல்லி முடிக்கும்போதே அசல் சாமான் மேல் டூப்ளிகேட்டை ஒட்டப் பார்க்கிறோம் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. ரவிக்குமார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வேணாம்ணே" என்றாள் தேவிகா. கிட்டாரை மடியில் வைத்து, அந்த வெளுத்த இடத்தின் மேல் கையை வைத்து மூடிக்கொண்டாள். "உங்க மேல எனக்குக் கோவம் இல்லை. பதினெட்டு வருசம் அவுக எங்கிட்ட சொன்னாக, அசலு அசலுன்னு. நான் நம்பலை. நீங்க பத்து நிமிசம் பாத்துட்டுச் சொன்னீக. நம்பிட்டேன்."

இதை அவள் எங்களைப் பார்த்துச் சொல்லவில்லை, மடியில் இருந்த கிட்டாரைப் பார்த்துத்தான் சொன்னாள்.