நாயுருவிக் கதிர்

“…மிச்சம் நாலையும் அவருக்குன்னு முந்தானையில முடிஞ்சு வச்சிருக்கேண்ணே. எனக்குத்தான் காய்ச்சல் கேட்டுருச்சே.”

திண்டுக்கல்லில் என் மருந்துக்கடைக்கு முன்னால் நின்று இதைச் சொன்னவர் அய்யலூர் சந்தையில் ஆடு வாங்கி விற்கிற அம்மா. அவருடைய ஃப்ளூ காய்ச்சலுக்கு டாக்டர் ஐந்து நாளுக்குப் பத்து மாத்திரை எழுதியிருந்தார். மூன்றாம் நாளே உடம்பு தேறியதும் அந்த அம்மா நிறுத்திவிட்டார். ஆஸ்துமா இழுப்புக்காரரான வீட்டுக்காரருக்கு அன்று காலையில் காய்ச்சல் கண்டிருந்தது. அவருக்கு இருமல் மருந்து வாங்கத்தான் வந்திருந்தார்.

‘கேட்பது’ என்ற சொல்லில் எனக்கு ஒரு மயக்கம் உண்டு. எங்கள் பக்கம் மருந்து குணமாக்குவதில்லை, நோய்தான் மருந்துக்குக் கேட்கிறது, சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளை மாதிரி. ஆட்டுக்குப் பூச்சி மருந்தை இப்படிப் பாதியில் நிறுத்துவீர்களா என்று கேட்டேன்.

“அளவு கொறைஞ்சா பூச்சி பழகிக்கிரும்ல. பெறகு எந்த மருந்துக்கும் கேக்காது” என்றவர், தன் பேச்சைத் தானே கேட்டதுபோல் நின்றுவிட்டார்.

கிருமியும் அப்படித்தான் என்றேன். நான் பேச ஆரம்பித்தால் லேசில் நிறுத்துகிறவன் இல்லை. கடையில் ஆள் இல்லாத நேரத்தில் போனில் படித்ததையும் சொன்னேன். கிருமி கொஞ்சம் உருமாறிக்கொண்டால் மருந்தின் பிடி தளர்ந்துவிடுகிறது. அதனால், பாலிமர் என்கிற நீளச் சங்கிலி ஒன்றில் அதே மருந்தை வரிசையாக ஒட்டவைத்துப் பார்க்கிறார்கள். ஒவ்வொரு பிடியும் தளர்வுதான். ஆனால் ஒரே நேரத்தில் பல இடத்தில் பிடிக்கும்போது கிருமியால் உதற முடிவதில்லையாம்.

“நாயுருவின்னு சொல்லுங்க” என்றார். “ஒரு முள்ளுன்னா தட்டிவிட்டுட்டுப் போயிரலாம். கதிரோட சேலையில ஒட்டுச்சுன்னா உக்காந்துதான் பிக்கணும்.”

இத்தனை நாள் படித்தும் எனக்கு இப்படிச் சொல்ல வாய்க்கவில்லை.

“அந்த மருந்து ஒண்ணு குடுங்க, அவருக்கு.”

அது இன்னும் ஆராய்ச்சிக்கூடத்தில்தான் இருக்கிறது, கடைக்கு வரவில்லை என்றேன்.

“வராத மருந்துக்கா இம்புட்டுப் பேச்சு?”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் சிரிக்கவில்லை. இழுப்புக்காரருக்கு இந்தக் காய்ச்சல் நெஞ்சில் இறங்கினால் ஆபத்து, உங்கள் மீதி நாலு மாத்திரை அவரைக் காப்பாற்றாது, இன்றைக்கே டாக்டர் பார்க்கட்டும் என்றேன்.

அவர் முந்தானை முடிச்சை அவிழ்த்தார். என் தண்ணீர் பாட்டிலை எடுத்து, காலையில் விட்ட மாத்திரையை விழுங்கினார். மீதி மூன்றையும் மறுபடி முடிந்துகொண்டு, வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, உடனே பெரியாஸ்பத்திரிக்குப் பஸ் ஏறச் சொன்னார். பிறகு, இருமல் மருந்தை மேசைமேலேயே விட்டுவிட்டு, ஆஸ்பத்திரிப் பக்கம் நடந்தார்.